அலங்காரக் கொங்கிறீற்று முடிப்புக்கள்: வெயில் மிகுந்த இடங்களில் வீட்டு முற்றத்திற்குப் பொருத்தமானதைத் தெரிவு செய்தல்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை வழிகாட்டி
பாடம்: வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும்

இப்பகுதியைக் கற்ற பின்னர் உங்களால்,
• வெயிலும் மழையும் திறந்தவெளிக் கொங்கிறீற்றுத் தரையில் ஏற்படுத்தும் விளைவுகளை விளக்கவும்,
• அலங்கார முடிப்பு வகைகளை ஒப்பிடவும்,
• தரப்பட்ட ஓர் இடத்திற்குப் பொருத்தமான முடிப்பைக் காரணம் காட்டித் தெரிவு செய்யவும்,
• அதற்குரிய எளிய கணித்தல்களைச் செய்யவும்
முடியும்.

அறிமுகம்

வீட்டின் உட்டரை கூரையின் நிழலில் இருக்கின்றது. ஆனால் முற்றம், படலையிலிருந்து வாசல் வரையிலான நடைபாதை, கிணற்றடி, வாகனம் நிறுத்துமிடம் ஆகியன திறந்தவெளியில் உள்ளன. இவை கோடையில் நாள் முழுவதும் வெயிலையும், மாரியில் பலத்த மழையையும் நேரடியாக ஏற்கின்றன. யாழ்ப்பாணம், மன்னார், அம்பாந்தோட்டை போன்ற உலர்ந்த பிரதேசங்களில் இது மேலும் கடுமையானது. ஏப்பிரல் மாதத்தின் முற்பகுதியிலும், ஓகத்து இறுதி முதல் செப்ரெம்பர் தொடக்கம் வரையும் நண்பகற் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சத்தில் நிற்கின்றது. அக்காலத்தில் தரையில் விழும் நிழல் மிகச் சிறியது.

எமது வீடுகளில் வாசலிலேயே செருப்பைக் கழற்றும் வழக்கம் உண்டு. பிள்ளைகள் முற்றத்தில் வெறுங்காலுடன் விளையாடுவர். முதியோர் வெறுங்காலுடன் கிணற்றடிக்குச் செல்வர். ஆகவே முற்றத்தின் முடிப்பு வெறும் அழகுப் பொருள் அன்று. தவறான முடிப்பு காலைச் சுடும். மழையில் வழுக்கி விழுத்தும். கிணற்றுக்குச் சேர வேண்டிய மழைநீரை வீதிக்கு அனுப்பும்.

எனவே தெரிவின்போது பின்வரும் ஒழுங்கில் சிந்திக்க வேண்டும்.

கால் → நீர் → காலம் → கண்

அதாவது, காலுக்குச் சுடாததும் வழுக்காததுமா? மழைநீர் எங்கே செல்லும்? எத்தனை ஆண்டுகள் தாங்கும்? இவை மூன்றிற்கும் விடை கண்ட பின்னரே கண்ணுக்கு அழகானதா எனப் பார்க்க வேண்டும். பலர் இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, அழகை முதலில் தெரிவு செய்வதே பெரும்பாலான குறைபாடுகளுக்குக் காரணமாகும்.

1. வெயில் கொங்கிறீற்றுத் தரையை என்ன செய்கின்றது?

1.1 மேற்பரப்பு சூடாதல்

ஒரு மேற்பரப்பில் விழும் சூரிய கதிர்ப்பின் ஒரு பகுதி தெறிக்கின்றது. மீதி உறிஞ்சப்பட்டு வெப்பமாகின்றது. வெளிர் நிற மேற்பரப்பு கூடுதலாகத் தெறிக்கச் செய்யும்; கருநிற மேற்பரப்பு கூடுதலாக உறிஞ்சும். புதிய சாம்பல் நிறக் கொங்கிறீற்று, விழும் சூரிய சக்தியில் ஏறத்தாழ 35 - 40 சதவீதத்தைத் தெறிக்கச் செய்கின்றது. அழுக்குப் படிந்து பழையதாகும்போது இது 20 - 30 சதவீதமாகக் குறைகின்றது. வெள்ளைச் சீமெந்தால் செய்த புதிய கொங்கிறீற்று 70 - 80 சதவீதத்தைத் தெறிக்கச் செய்ய வல்லது. புதிய தார் வீதி ஏறத்தாழ 5 சதவீதத்தையே தெறிக்கச் செய்கின்றது.

தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 44 பாகை செல்சியசை அடையும்போது நோவு உணரப்படும். கடும் வெயிலில் கருநிறத் தரை இதனை எளிதிற் கடந்துவிடும். மேலும் கொங்கிறீற்று வெப்பத்தைச் சேமித்து வைப்பதால், சூரியன் மறைந்த பின்னரும் முற்றமும் அதனை அடுத்துள்ள அறைகளும் வெக்கையாக இருக்கும்.

1.2 விரிதலும் சுருங்குதலும்

கொங்கிறீற்று பகலில் விரிந்து இரவில் சுருங்குகின்றது. அதன் நீட்டல் விரிவுக் குணகம் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.00001 ஆகும். விரிவதற்கு இடமில்லாவிடின் தரை மேலெழும். சுருங்குவதற்கு மூட்டு இல்லாவிடின் தாறுமாறாக வெடிக்கும். வெடிப்பு அலங்காரக் கோலத்தின் நடுவே சென்றால் அதனை மறைப்பது கடினம்.

1.3 நிறம் மங்குதல்

சூரிய ஒளியிலுள்ள ஊதாக் கடந்த கதிர்கள் சேதன நிறப்பொருள்களைச் சிதைக்கின்றன. கனிய நிறப்பொருள்களான இரும்பு ஒட்சைட்டு (சிவப்பு, மஞ்சள், கறுப்பு), குரோமியம் ஒட்சைட்டு (பச்சை) ஆகியன வெயிலையும் சீமெந்தின் காரத்தன்மையையும் தாங்கக்கூடியன. உள்ளறைகளில் நன்றாக உழைக்கும் எப்பொக்சிப் பூச்சு, நேரடி வெயிலில் மஞ்சளாகிப் பொடியாக உதிரும்.

1.4 ஈரம் விரைவாக வற்றுதல்

சீமெந்து காய்வதால் இறுகுவதில்லை. நீருடன் தாக்கம் புரிவதாலேயே இறுகுகின்றது. வெயிலும் காற்றும் புதிய கொங்கிறீற்றின் மேற்பரப்பு நீரை உறிஞ்சிவிட்டால் தாக்கம் பாதியில் நின்று, மேற்படை நலிவடையும். அலங்காரம் முழுவதும் அம்மேற்படையிலேயே உள்ளது என்பதை நினைவிற் கொள்க.

2. முடிப்பு வகைகள்

2.1 மெருகிட்ட சிவப்பு முடிப்பு

பழைய வீடுகளின் விறாந்தையிலும் அறைகளிலும் காணப்படும் சிவப்புச் சீமெந்துத் தரையை நீங்கள் அறிவீர்கள். இரும்பு ஒட்சைட்டு கலந்த சீமெந்துச் சாந்தை உருக்குக் கரண்டியால் திரும்பத் திரும்ப இழைத்து இது பெறப்படுகின்றது. கூரை நிழலில் இது குளிர்மையானது. கூட்டிக் கழுவ இலகுவானது. ஆயின் இதே முடிப்பை வெளி முற்றத்திற்குக் கொண்டுவந்தால் கருமையான நிறம் வெப்பத்தை உறிஞ்சும். மெருகு மழையில் வழுக்கும். மெல்லிய மேற்படையில் மயிர்வெடிப்புக்கள் தோன்றும். ஓரிடத்தில் சிறந்தது இன்னோரிடத்தில் பொருந்தாது என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

2.2 தும்புத்தடியாற் கீறிய முடிப்பு

மட்டப்பலகையால் சமப்படுத்திய மேற்பரப்பில், மேலே ஊறிய நீர் மறைந்த பின்னர், ஒரே திசையில் தும்புத்தடியை இழுத்து நுண்ணிய வரிகள் உண்டாக்கப்படும். வரிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக அமைதல் வேண்டும். செலவு மிகக் குறைவு. வழுக்குத் தடை நன்று. ஓரங்களில் ஒரு சாண் அகலத்தை மட்டப்பலகையால் வெறுமையாக விட்டு நடுவே வரியிட்டால், சட்டமிட்ட பாய் போன்ற அழகிய தோற்றம் கிடைக்கும்.

2.3 கல் தெரியும் முடிப்பு

கொங்கிறீற்று ஓரளவு இறுகியதும் மேற்பரப்பிலுள்ள சீமெந்துப் பசையை மென்மையான தூரிகையாலும் நீராலும் அகற்றி, உள்ளிருக்கும் கூழாங்கற்களை வெளிக்காட்டுதல் ஆகும். இறுகலைத் தாமதப்படுத்தும் திரவத்தை மேலே தெளித்தால் மேற்படை மட்டும் இளகியிருக்கும். சீனி சீமெந்தின் இறுகலைத் தாமதப்படுத்தும் என்பதும் இங்கு நினைவிற்குரியது. நிறம் கல்லின் இயற்கை நிறமாதலால் மங்குவதில்லை. வெளிர் நிறக் கூழாங்கற்களைத் தெரிவு செய்தால் சூடும் குறையும். உருண்டையான சிறு கற்களே வெறுங்காலுக்கு ஏற்றவை. உடைத்த கூரான சல்லி காலைக் குத்தும்.

2.4 அச்சுப் பதித்த முடிப்பு

இளகிய கொங்கிறீற்றில் இறப்பர் அச்சுப் பாய்களை அழுத்தி, கருங்கல், செங்கல், மரப்பலகை போன்ற தோற்றங்கள் பெறப்படுகின்றன. அச்சு ஒட்டாதிருக்க, பிரிக்கும் தூளோ திரவமோ பயன்படுத்தப்படும். இதற்குத் திறமையான தொழிலாளர் தேவை. வெயிலில் கொங்கிறீற்று விரைவாக இறுகுவதால் அச்சுப் பதிக்கக் கிடைக்கும் நேரம் குறைவு. மேலே பூசப்படும் பளபளப்பான காப்புத் திரவம் ஈரத்தில் வழுக்கும். எனவே பளபளப்பற்ற காப்புத் திரவத்தைத் தெரிவு செய்து, தேவையாயின் அதனுடன் நுண்மணல் கலந்து பூசுதல் வேண்டும். காப்புத் திரவத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க நேரிடும்.

2.5 இடைபூட்டுக் கற்கள்

தொழிற்சாலையில் வார்த்து நன்கு இறுகிய சிறு கொங்கிறீற்றுக் கற்களை மணற்படையின் மேல் அடுக்குதல் ஆகும். மக்கள் இதனை ‘இன்ரர்லொக் கல்’ என்பர். நடைபாதைக்கு 60 மி.மீ. தடிப்பும், வாகனம் செல்லுமிடத்திற்கு 80 மி.மீ. தடிப்பும் பொதுவாகப் பயன்படும். கற்களுக்கிடையிலுள்ள இடைவெளியினால் வெப்ப விரிவு வெடிப்பை ஏற்படுத்தாது. மழைநீரில் ஒரு பகுதி கீழிறங்கும். பழுதான கல்லை மட்டும் மாற்றலாம். அடித்தளத்தை நன்கு இறுக்காவிடின் கற்கள் தாழ்ந்து பள்ளமாகும்.

அட்டவணை 1: முடிப்புக்களின் ஒப்பீடு

| முடிப்பு | ஈரத்தில் வழுக்குத் தடை | செலவு | பொருத்தமான இடம் |
|---|---|---|---|
| மெருகிட்ட சிவப்பு | குறைவு | நடுத்தரம் | கூரையுள்ள விறாந்தை |
| தும்புத்தடி வரி | அதிகம் | குறைவு | நடைபாதை, கிணற்றடி |
| கல் தெரியும் | அதிகம் | நடுத்தரம் | நடைபாதை, முற்றம் |
| அச்சுப் பதித்த | காப்புத் திரவத்தைப் பொறுத்தது | அதிகம் | முன்வாசல், சிறு முற்றம் |
| இடைபூட்டுக் கல் | அதிகம் | நடுத்தரம் - அதிகம் | வாகனம் நிறுத்துமிடம், முற்றம் |

3. நிறத்தைத் தெரிவு செய்தல்

வெளிர் நிறமே குளிர்மையானது எனினும், தூய வெள்ளை நண்பகலில் கண்ணைக் கூசச் செய்யும். செம்மண் கறையும் வாகனச் சக்கரத்தின் அடையாளமும் அதில் உடனே தெரியும். ஆகவே மணல் நிறம், வெளிர் மஞ்சள், வெளிர் சாம்பல் ஆகிய இடைப்பட்ட நிறங்களே முற்றத்திற்கு ஏற்றன. கருஞ்சிவப்பு, கறுப்பு ஆகியவற்றை ஓரக்கரையாகவோ சிறு கோலமாகவோ மட்டும் பயன்படுத்தலாம்.

நிறப்பொருள் பொதுவாகச் சீமெந்தின் நிறையில் 5 சதவீதமளவில் சேர்க்கப்படும். 10 சதவீதத்தை மீறலாகாது. மீறினால் நிறம் மேலும் கூடாது. கொங்கிறீற்றின் வலிமை குறையும். ஒவ்வொரு கலவைக்கும் நிறப்பொருளையும் நீரையும் அளந்தே இட வேண்டும். ஒரு கலவையில் நீர் கூடினால் அப்பகுதி வெளிறித் தெரியும்.

4. மழைநீரும் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் பாயும் ஆறு இல்லை. மக்கள் கிணறுகளையே பெரிதும் நம்பியுள்ளனர். சுண்ணக்கற் பாறையில் தேங்கும் இந்நன்னீர் மழையினாலேயே நிரப்பப்படுகின்றது. அதன் கீழே உவர்நீர் உண்டு. நன்னீர் குறையும்போது உவர்நீர் மேலெழும்.

100 சதுர மீற்றர் முற்றமொன்றைக் கருதுக. ஆண்டு மழைவீழ்ச்சி 1250 மி.மீ. எனின்,

முற்றத்தில் விழும் நீர் = 100 × 1.25 = 125 கன மீற்றர் = 125 000 லீற்றர்

இதன் முழுவதும் நிலத்தடிக்குச் செல்வதில்லை. ஒரு பகுதி ஆவியாகும். எனினும் முற்றம் முழுவதையும் கொங்கிறீற்றால் மூடி, நீரை வீதிக்கு வடித்தால் நிலத்தடிக்குச் செல்வது எதுவுமில்லை. எனவே,
• நடக்குமிடத்தையும் வாகனம் செல்லுமிடத்தையும் மட்டும் மூடி, மீதியை மண்ணாகவோ புல்லாகவோ விடுதல்,
• மரங்களின் அடியில் போதிய வட்டம் விடுதல்,
• தரையின் சாய்வைப் பூம்பாத்தியை நோக்கி அல்லது கல் நிரப்பிய உறிஞ்சு குழியை நோக்கி அமைத்தல்
ஆகியன நன்று. உறிஞ்சு குழி மலசலகூடக் குழிக்கு அண்மையில் அமையலாகாது. எண்ணெய், சவர்க்கார நீர் ஆகியன அதனுட் செல்லவும் கூடாது. மண்ணாக விடப்பட்ட பகுதியும் மர நிழலும் முற்றத்தின் வெக்கையையும் குறைக்கும்.

5. செய்முறைப் படிகள்

1. மேல்மண்ணை அகற்றி, நிலத்தை நனைத்து இறுக்குக.
2. வீட்டிலிருந்து வெளிநோக்கி ஒரு மீற்றருக்கு 20 மி.மீ. வீதம் (1:50) சாய்வு கொடுக்க.
3. வீட்டுச் சுவருக்கும் தரைக்குமிடையே 10 - 12 மி.மீ. விரிவு மூட்டு விட்டு, நசியக்கூடிய பொருளால் நிரப்புக.
4. 1:2:4 கலவையை 100 மி.மீ. தடிப்பில் இடுக. 50 கி.கி. சீமெந்துப் பை ஒன்றிற்கு ஏறத்தாழ 25 லீற்றர் நீர் போதும். மணல் ஈரமாயின் நீரைக் குறைக்க. கழுவாத கடல் மணலையும் உவர்நீரையும் தவிர்க்க.
5. அதிகாலையில் அல்லது மாலையில் வேலையைத் தொடங்குக. இடுவதற்கு முன் நிலத்தை நனைக்க, நீர் தேங்கலாகாது.
6. மேலே ஊறும் நீர் மறைந்த பின்னரே முடிப்பைத் தொடங்குக. அந்நீரை வற்றச் செய்வதற்காகச் சீமெந்துத் தூள் தூவி இழைத்தல் பிழையானது. அம்மேற்படை பின்னர் பொருக்காக உரியும்.
7. 2.5 - 3 மீற்றருக்கு ஒரு சுருங்கல் மூட்டு வெட்டுக. அதன் ஆழம் தடிப்பின் நாலிலொன்று, அதாவது 25 மி.மீ. ஆகும். கோலத்தின் கோடுகளுடன் மூட்டுக்களைப் பொருந்தச் செய்தால் அவை கண்ணிற்குத் தெரியா.
8. குறைந்தது 7 நாட்கள் பதப்படுத்துக. நிறமூட்டிய தரையில் ஈரச்சாக்கு, வைக்கோல் ஆகியன கறை படியச் செய்யக்கூடும். சுருக்கமுள்ள பொலித்தீனும் திட்டுத்திட்டான நிறத்தைத் தரும். எனவே நீரைச் சீராகத் தெளித்தோ, நிறமற்ற பதப்படுத்தும் திரவம் பூசியோ ஈரத்தைக் காக்க வேண்டும்.

குறிப்பு: நிறத் தரையில் சில வாரங்களில் வெண்பூப் போன்ற படிவு தோன்றலாம். கொங்கிறீற்றினுள் உள்ள கல்சியம் ஐதரொட்சைட்டு நீருடன் மேலே வந்து, வளியிலுள்ள காபனீரொட்சைட்டுடன் தாக்கமுற்றுக் கல்சியம் காபனேற்றாகப் படிவதே இதற்குக் காரணம். இது வலிமையைப் பாதிக்காது. உலர்ந்த தூரிகையாற் தேய்த்து அகற்றலாம்.

6. செய்து பார்க்க

300 × 300 மி.மீ. அளவும் 40 மி.மீ. தடிப்பும் உள்ள மூன்று பலகங்களை வார்க்க. ஒன்று சாதாரண சாம்பல் நிறம், ஒன்று வெள்ளைச் சீமெந்து, ஒன்று கருஞ்சிவப்பு. 7 நாட்கள் பதப்படுத்தி உலர்த்திய பின்னர், வெயிலில் ஒரே மணற்பரப்பில் வைக்க. காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மணிக்கொரு தடவை ஒவ்வொன்றின் மேற்பரப்பு வெப்பநிலையை அளக்க. வெப்பமானிக் குமிழைப் பலகத்தில் தொடச்செய்து மேலே சிறு ரிஜிபோம் துண்டால் மூடி வாசிப்பெடுக்க; பின் துண்டை அகற்றிவிடுக. வாசிப்புக்களை வரைபாக்கி, எது முதலிற் சூடாகின்றது, எது மாலையிலும் சூடாக உள்ளது எனக் குறிப்பிடுக.

7. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1
6 மீற்றர் நீளமான கொங்கிறீற்றுத் தரையின் வெப்பநிலை அதிகாலையில் 25 பாகை செல்சியசு, நண்பகலில் 55 பாகை செல்சியசு. நீட்சியைக் காண்க. (03 புள்ளிகள்)

விடை: வெப்பநிலை மாற்றம் = 55 - 25 = 30
நீட்சி = 6000 மி.மீ. × 0.00001 × 30 = 1.8 மி.மீ.

வினா 2
6 மீற்றர் நீளமும் 1.2 மீற்றர் அகலமும் 100 மி.மீ. தடிப்புமுள்ள நடைபாதைக்கு 1:2:4 கலவை இடப்படவுள்ளது. ஒரு கன மீற்றருக்கு 320 கி.கி. சீமெந்து தேவை எனக் கொள்க.
(அ) தேவையான சீமெந்தின் நிறை யாது?
(ஆ) முழுத் தடிப்புக்கும் 5 சதவீத நிறப்பொருள் சேர்ப்பின் அதன் நிறை யாது?
(இ) நிறப்பொருட் செலவைக் குறைக்க ஒரு வழி கூறுக. (06 புள்ளிகள்)

விடை:
(அ) கனவளவு = 6 × 1.2 × 0.1 = 0.72 கன மீற்றர்
சீமெந்து = 0.72 × 320 = 230.4 கி.கி. (50 கி.கி. பைகள் 5 தேவை)
(ஆ) 230.4 × 5/100 = 11.52 கி.கி.
(இ) கீழே 75 மி.மீ. சாதாரணக் கொங்கிறீற்றை இட்டு, அது இறுகுமுன் மேலே 25 மி.மீ. நிறக் கொங்கிறீற்றைச் சிறு சல்லியுடன் இடுதல். கலவை விகிதம் மாறாவிடின் நிறப்பொருள் நாலிலொன்றாக, அதாவது 2.88 கி.கி. ஆகக் குறையும்.

வினா 3
முதிய பெற்றோருடன் வாழும் ஒருவர், வெயில் மிகுந்த முற்றத்திலே வாசலிலிருந்து கிணற்றடி வரை மெருகிட்ட கருஞ்சிவப்புத் தரை அமைக்க விரும்புகின்றார். நீர் அவருக்குக் கூறும் ஆலோசனையைக் காரணங்களுடன் எழுதுக. (06 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: கருஞ்சிவப்பு வெப்பத்தை உறிஞ்சி வெறுங்காலைச் சுடும் (1). மெருகிட்ட பரப்பு நீர்படும்போது வழுக்கும். முதியோர் விழுந்து என்பு முறியலாம் (1). இதற்குப் பதிலாக வெளிர் மணல் நிறத்தில் தும்புத்தடி வரியிட்ட முடிப்பு அல்லது உருண்டைக் கூழாங்கல் தெரியும் முடிப்பு (2). நீர் தேங்காதிருக்க 1:50 சாய்வு (1). சிவப்பு நிறத்தை ஓரக்கரையாகவோ கூரையுள்ள விறாந்தையிலோ பயன்படுத்தி அவரது விருப்பத்தையும் நிறைவேற்றலாம் (1).

பரீட்சைக் குறிப்பு: ‘அழகானது’, ‘நல்லது’ என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடையாது. எவ்விடத்திற்கு, யாருக்கு, ஏன் என்ற மூன்றையும் எழுதுக.

8. பயிற்சி வினாக்கள்

1. வெளி முற்றத்திற்கு எப்பொக்சிப் பூச்சு பொருந்தாமைக்குக் காரணம் கூறுக.
2. இடைபூட்டுக் கற்றரையில் வெப்ப வெடிப்பு ஏற்படாதது ஏன்?
3. தும்புத்தடி வரிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக அமைவதன் பயன் யாது?
4. கொங்கிறீற்று ‘காய்கின்றது’ எனக் கூறுவது ஏன் பிழையானது?
5. உமது வீட்டு முற்றத்தின் பருமட்டான படத்தை வரைந்து, மூட வேண்டிய பகுதியையும் மண்ணாக விட வேண்டிய பகுதியையும் குறிக்க. மூடும் பகுதிக்கு ஒரு முடிப்பைத் தெரிவு செய்து, கால், நீர், காலம், கண் என்ற ஒழுங்கில் நியாயப்படுத்துக.